சுவாதிக்கு இன்று சந்திராஷ்டமம்

அந்தத் தெருவில் சலவைக் கடை வைத்திருந்த தம்பதிக்கு அவரவர் வீட்டில் வைத்த பெயர் என்ன என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அவரைக் குக்கர் என்பார்கள். கோபம் வருமுன் மூக்கிலிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. அவளைக் காலண்டர் அக்கா என்பார்கள். ராகு காலத்தில் அழுக்கு மூட்டையைக்கூட வாங்கி வைக்க மாட்டாள். "கொஞ்ச நேரம் உட்காருங்க, ராகு காலம் முடியட்டும், சீட்டு எழுதித் தர்றேன்" என்று நாற்காலியை இழுத்துப் போடுவாள். அவசரக்காரர்கள் வேறு கடைக்குப் போயிருக்கலாம். ஆனால் அவள் எடுக்கிற மாதிரி கறை எடுக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அதனால் முனகிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

கடைக்கு மேலேயே வீடு. சமையலறை வாசலில் தினசரி காலண்டர் தொங்கும். காலையில் குளித்து, விளக்கேற்றி, ஈரத் தலையோடு வந்து நின்று முந்தைய நாள் தாளைக் கிழிப்பாள். குளிக்காமல் அதைத் தொட்டால் கை கூசும் அவளுக்கு. பிறகு திதி, நட்சத்திரம், யோகம், ராகு காலம், எமகண்டம், சூலம் என்று மேலிருந்து கீழே வரைக்கும் உதடு அசைய ஒரு வாசிப்பு. மற்றவர்கள் செய்தித்தாள் படிப்பதைப் போல அவளுக்கு அது. உலகத்தில் இன்றைக்கு என்ன நடக்கப்போகிறது என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறதே, செய்தித்தாள் மறுநாள்தானே சொல்கிறது என்பாள்.

தாளின் அடியில் கடைசி வரியில்தான் சந்திராஷ்டமம் இருக்கும். ஒருவர் பிறந்த ராசியிலிருந்து எட்டாவது ராசிக்குச் சந்திரன் வரும் நாள். மாதத்துக்கு ஒரு தடவை வந்து இரண்டு நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தங்கிவிட்டுப் போவான். அந்த நாட்களில் மனசு நிலையாக இருக்காது, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது, யாரோடும் வம்புக்குப் போகக் கூடாது என்பது நம்பிக்கை. யாருக்குச் சந்திராஷ்டமமோ அவர்களுடைய நட்சத்திரத்தைத் தாளில் போட்டிருப்பார்கள். குக்கருடைய நட்சத்திரம் சுவாதி.

அவரும் நம்பிக்கைக்காரர்தான். அவர் நம்புவதற்குத் தனிக் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் அவர்கள் கடை வேறொரு இடத்தில், நல்ல முக்கில் இருந்தது. இடத்துக்காரரிடம் ஒருநாள் வடிகால் அடைப்புக்காகப் பேசப் போனவர், இடத்துக்காரரின் மூன்று தலைமுறையையும் இழுத்துப் பேசிவிட்டு வந்தார். இடம் போனது. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவரிடம் அவள்தான் காலண்டரைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு உங்களுக்குச் சந்திராஷ்டமங்க, அதான்" என்றாள். பழியைத் தூக்கிச் சந்திரன் தலையில் போட முடிந்ததில் அந்த மனிதருக்கு அப்படி ஒரு நிம்மதி. அன்றிலிருந்து சந்திராஷ்டமம் என்றால் போதும், ஆள் பெட்டிப் பாம்பு. புஸ்ஸென்ற சத்தம் பாதியிலேயே உள்ளே திரும்பிவிடும். இஸ்திரி போட்ட சட்டையில் சுருக்கம் இருக்கிறது என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், "கொடுங்க, மறுபடி போட்டுத் தர்றேன்" என்பார். வாடிக்கையாளர்தான் பயந்துபோவார்.

ஆனால் காலண்டரை அவர் படிப்பதில்லை. எழுத்து பொடி. கண்ணாடி போட்டால் வயசானது தெரிந்துவிடும் என்று கண்ணாடியும் போட மாட்டார். "படிச்சுச் சொல்றது உன் வேலை, நடந்துக்கறது என் வேலை" என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது.

சந்திராஷ்டமம் வரும் அந்த இரண்டு நாளும் வீட்டில் ஃபேன் ஓடுகிற சத்தம் தனியாகக் கேட்கும். அவள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். மாதத்தில் மற்ற நாட்களில் அந்த இரண்டு நாளுக்காக ஏங்க ஆரம்பித்தாள். ஒருநாள், கடைக்குத் தண்ணீர் இணைப்பைப் பார்க்க அதிகாரி ஒருவர் வரப்போவதாகச் சேதி வந்தது. முந்தைய தடவை வந்தவரைக் குக்கர் வாளியோடு துரத்தியிருந்தார். அவள் காலண்டர் முன்னால் நின்றாள். தாளில் வேறு யாருடைய நட்சத்திரமோ இருந்தது. "என்னங்க, இன்னிக்கு உங்களுக்குச் சந்திராஷ்டமம்" என்று விக்கல் வந்த மாதிரி வாயில் வந்துவிட்டது. அதிகாரி வந்தார், பார்த்தார், காப்பி குடித்தார், போனார்.

அன்று சாயந்திரம் விளக்கேற்றும்போது அவளுக்குப் பயம் வந்துவிட்டது. யாரைப் பற்றி வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், கிரகத்தைப் பற்றிப் பொய் சொன்னால் அது சும்மா விடுமா? ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமி ஒன்றும் சொல்லவில்லை. சாமி ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது மனுஷப் புத்தி. சம்பந்தி வீட்டார் வந்தால் சந்திராஷ்டமம், மெஷின் பழுதானால் சந்திராஷ்டமம், பக்கத்துக் கடைக்காரர் வண்டியை வாசலில் நிறுத்தினால் சந்திராஷ்டமம் என்று ஆகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டிக் கற்பூரம். கீழே இஸ்திரி போடும் அண்ணன் மட்டும் விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டார். "அக்கா, இந்த மாசம் சந்திரன் நம்ம முதலாளி வீட்டிலேயே குடி வந்துட்டான் போலிருக்கே" என்றார். அவள் முறைத்தாள். அவர் ஆவி அடித்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

இப்படிச் சமாளித்துக்கொண்டிருந்தவள், ஒரே ஒரு நாள் அசந்துவிட்டாள்.

அவர்களுக்கு ஒரே மகள். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். நாலு மாடி உயரத்தில் இரும்புக் கயிற்றோடு மல்லுக்கட்டுகிற ஆள், ஆனால் பேச்சு மட்டும் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். விடுமுறையில் வந்த இடத்தில், கடையில் ஆள் குறைவாக இருக்கிறதே என்று தானாக இறங்கி வந்து, கூடையில் கிடந்த டாக்டர் கோட்டுகளை மெஷினில் அள்ளிப் போட்டார். வெளியே எடுத்தபோது அத்தனை கோட்டும் ரோஜா நிறம். அவள் மேலே சமையலில் இருந்தாள். புஸ்ஸென்ற சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. அதற்கப்புறம் வந்தது தெருமுனை வரைக்கும் கேட்டது.

"வேலை தெரியலைன்னா ஒதுங்கி நிக்க வேண்டியதுதானேடா? உன்னை நம்பிப் பொண்ணைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

கவுண்டரில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளையை 'டா' போட்டதை எல்லோரும் கேட்டார்கள். மாப்பிள்ளை ஈரக் கோட்டை மேஜையில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மேலே வந்து பையை எடுத்தார். "அத்தை, போயிட்டு வர்றோம்" என்றார். மகள் அப்பாவைப் பார்க்காமலே படியிறங்கினாள்.

மாப்பிள்ளை அதற்குப் பிறகு வரவில்லை. மழை வந்து போனது, குளிர் வந்து போனது, மாப்பிள்ளை வரவில்லை. மகள் போனில் பேசுவாள், அம்மாவிடம் மட்டும். காலண்டர் அக்கா கறை எடுக்கும் மேஜையில் குனிந்து நின்று தேய்த்துக்கொண்டே அழுதிருக்கிறாள். ஊரார் துணியில் இருக்கிற எந்தக் கறையையும் எடுக்கத் தெரிந்த கைக்கு இது முடியவில்லையே என்று இருக்கும்.

குக்கர் மட்டும் நடுநடுவே கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டு, "நான் மாப்பிள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்" என்பார். அவர் முகம் சிவந்திருக்கும். அந்த இரண்டு வார்த்தை எதுவாக இருக்கும் என்று அவளுக்கா தெரியாது? அவருடைய இரண்டு வார்த்தையை முப்பது வருஷமாகக் கேட்டு வருகிறவள். "ஐயோ, இன்னிக்கு வேண்டாங்க, உங்களுக்குச் சந்திராஷ்டமம். வாயைத் திறக்காதீங்க" என்பாள். அவர் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவார். அவள் கற்பூரம் ஏற்றுவாள். ஒரு பெரிய ஆபத்தைத் தடுத்துவிட்ட திருப்தியோடு தூங்கப் போவாள்.

இப்படி இருக்கும்போதுதான் மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, அவருக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்துடுச்சு. ரொம்ப தூரம். அடுத்த வாரம் கிளம்பறோம்."

"அப்படியா கண்ணு" என்றாள்.

"பெரியவங்ககிட்ட சொல்லிக்காம ஊர் மாறக் கூடாதுன்னு எங்க அத்தை அவர்கிட்ட கண்டிப்பா சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலைல வர்றோம். அவர் அரை மனசாத்தான் ஒத்துக்கிட்டார். அப்பா ஏதாவது சொன்னார்னா, அவ்வளவுதாம்மா. அப்புறம் அவர் நம்ம வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டார். நானும் அவரை வற்புறுத்த மாட்டேன்."

போனை வைத்தவுடன் அவள் காலண்டரிடம் ஓடினாள். தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தாள். அமிர்தயோகம். முகூர்த்த நாள் வேறு. ராகு காலம் சாயந்திரம்தான். சந்திராஷ்டமம் திருவோணத்துக்கு. பழுதே சொல்ல முடியாத நாள். அப்படியானால் சுவாதிக்கு எப்போது? கிழித்துச் சேர்த்து வைத்திருந்த தாள்களைப் புரட்டினாள். போன ஞாயிறே வந்து போயிருந்தது. மகளை நினைத்துக்கொண்டு இருந்ததில் அதைச் சொல்லவே மறந்திருக்கிறாள். போன ஞாயிறு அவர் என்ன செய்தார் என்று யோசித்தாள். பரணில் ஏறி ஒட்டடை அடித்துக்கொண்டு சாயந்திரம் வரைக்கும் பாட்டுப் பாடினார். யாரையும் கடிக்கவில்லை. அவளுக்கு அது கொஞ்சம் உறுத்தியது. சரி, குரு பார்த்திருப்பார், சந்திரன் அடங்கியிருப்பான் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்து தாளைக் கிழித்தாள். இவ்வளவு நல்ல நாளைப் பார்த்து அபாண்டமாகப் பழி சொல்கிறோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மகளுக்காக. சாமி, இது கடைசி. கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டாள்.

"என்னங்க. இன்னிக்கு உங்களுக்குச் சந்திராஷ்டமம்."

சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி நுரையோடு திரும்பினார். "இன்னிக்கா? அவங்க வர்ற நாளாப் பார்த்தா?"

"ரொம்பக் கடுமையா போட்டிருக்கான். நீங்க எதுவும் பேச வேண்டாம். நான் பார்த்துக்கறேன்."

அவர் கண்ணாடியில் தன் வாயைப் பார்த்தார். "எனக்குன்னு வந்து வாய்க்குது பாரு" என்று முணுமுணுத்துவிட்டு மிச்ச நுரையை வழித்தார்.

பத்து மணிக்கு மேல் வந்தார்கள். மகள் முன்னால், மாப்பிள்ளை இரண்டு படி பின்னால். கையில் பழப் பை. "வாங்க மாப்பிள்ளை, வாங்க" என்று அவள் வாசலுக்கே ஓடினாள். குக்கர் எழுந்து நின்று இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். உதடு மட்டும் ஒட்டியபடி இருந்தது.

உட்கார்ந்தார்கள். கூடத்தில் ஒரு பக்கம் டெலிவரிக்கு மடித்து வைத்த துணி மூட்டைகள், நடுவில் நாற்காலிகள். அவள் காப்பி கொண்டுவந்தாள்.

"நல்லா இருக்கீங்களா மாமா?" மாப்பிள்ளை தன் வழக்கமான பாதிக் குரலில் கேட்டார்.

குக்கர் தலையை ஆட்டினார்.

"மாத்தல் வந்திருக்கு. புதன்கிழமை கிளம்பறோம்."

தலையை ஆட்டினார்.

"கம்பெனியிலேயே வீடு குடுக்கறாங்க. பெரிய வீடுதான்."

இதற்கும் தலைதான் ஆடியது. பார்வை தரையில். இரண்டு கையாலும் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பேசினால் கெட்டுவிடும் என்று பயந்த மனிதர், நல்லது கெட்டது எதுவுமே வாயிலிருந்து வராமல் பூட்டிவிட்டார். சமையலறை வாசலில் நின்றவளுக்கு முதலில் பெருமையாகக்கூட இருந்தது. பரவாயில்லையே, என்ன கட்டுப்பாடு. ஆனால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெருமை வடிந்துவிட்டது. அவர் மாமனாரை ஒருமுறை பார்த்தார், மனைவியை ஒருமுறை பார்த்தார், காப்பி டம்ளரைப் பாதி குடித்தபடி கீழே வைத்தார். உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தார்.

"அப்பா, ஏதாவது பேசேன்" என்றாள் மகள்.

குக்கர் மனைவியைப் பார்த்தார். பேசட்டுமா என்று கண்ணால் கேட்டார். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அவர் மறுபடி தரையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை எழுந்துவிட்டார்.

"சரி அத்தை, நாங்க கிளம்பறோம். சொல்லிக்க வந்தோம், சொல்லியாச்சு. மாமாவுக்கு நான் வந்தது பிடிக்கல போல."

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்ல மாப்பிள்ளை. அவருக்கு இன்னிக்குச் சந்திராஷ்டமம். அதான் பேசாம இருக்கார்."

மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "திட்டினாக்கூடத் தாங்கிக்கலாம் அத்தை. முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேங்கறாரே" என்று சொல்லிவிட்டு வாசலில் குனிந்து ஷூவை மாட்ட ஆரம்பித்தார். மகள் அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு பையை எடுத்தாள்.

காலண்டர் அக்கா ஷூவையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் இனிமேல் வாழ்நாளில் ஒரு சந்திராஷ்டமமும் செல்லுபடியாகாது. அந்த அமைதியான நாட்களெல்லாம் போயே போய்விடும். அதோடு இந்த நிமிஷம் அவர் வெடித்தாலும் வெடிப்பார், மாப்பிள்ளை ஒரு ஷூவோடு ஓடினாலும் ஓடுவார். சொல்லாவிட்டால் மகள் போய்விடுவாள். ஒரு ஷூவின் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு மாப்பிள்ளை அடுத்ததை எடுத்தார்.

"என்னங்க" என்றாள். "பேசுங்க. இன்னிக்கு உங்களுக்குச் சந்திராஷ்டமம் இல்ல. நான் பொய் சொன்னேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். காலண்டர் அக்கா, காலண்டரைப் பற்றிப் பொய்.

குக்கர் மெதுவாக எழுந்தார். சமையலறை வாசலுக்குப் போய், காலண்டரை ஆணியோடு பிடுங்கி, கையை நீட்டித் தூர வைத்து, கண்ணைச் சுருக்கி, கடைசி வரியை எழுத்துக் கூட்டினார். "திரு... வோ... ணம்." திரும்பினார். மூக்கிலிருந்து புஸ்ஸென்று சத்தம் வந்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்போ காலையிலேருந்து நான் வாயை மூடிக்கிட்டு மரம் மாதிரி உட்கார்ந்திருந்தது சும்மாவா? மாப்பிள்ளை, முதல்ல அந்த ஷூவைக் கழட்டுங்க. கழட்டுங்கன்னு சொல்றேன்ல. ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்கீங்க? வந்ததுலேருந்து கேக்கணும் கேக்கணும்னு நாக்கு துடிக்குது. சோறு தண்ணி இல்லாம கயித்துல தொங்கறீங்களா? அந்தக் கோட்டு சமாச்சாரம், அது உங்க தப்பே இல்ல. என் துண்டு. என் சிவப்புத் துண்டு தோள்லேருந்து கூடைக்குள்ள விழுந்திருக்கு, எனக்குத் தெரியல. அன்னிக்குச் சாயந்திரம் மெஷினைத் துடைக்கறப்போ உள்ளே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பார்த்தவுடனே எனக்கு உசிரே போச்சு. ஒரு பாவமும் அறியாத பிள்ளையை நாலு பேர் முன்னாடி டா போட்டுப் பேசிட்டேனே. நான் பேசினது தப்பு மாப்பிள்ளை. தப்பு தப்பு தப்பு."

இவ்வளவும் உச்சக் குரலில். கீழே இஸ்திரி அண்ணனுக்குக் கேட்டது. தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. அந்த மனிதர் வாழ்க்கையில் கேட்ட முதல் மன்னிப்பை ஊரே கேட்டது.

மாப்பிள்ளை ஒரு காலில் ஷூவோடு நின்றார். "அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா" என்றார். இந்தத் தடவை குரல் முழுசாக வந்தது.

"எங்கே சொல்ல விட்டா இவ? அன்னிக்கு ராத்திரியே போனை எடுத்தேன். சந்திராஷ்டமம், பேசாதீங்கன்னா. அடுத்த வாரம் எடுத்தேன், சந்திராஷ்டமம். எப்போ எடுத்தாலும் சந்திராஷ்டமம். நல்லது சொல்லப் போய் வாய் தவறி வேற வந்துட்டா என்ன பண்றதுன்னு நானும் பயந்து பயந்து கீழே வெச்சேன்."

அவள் துணி மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு வார்த்தை பேசணும், ரெண்டு வார்த்தை பேசணும் என்று அவர் கைப்பேசியோடு வந்து நின்ற ஒவ்வொரு தடவையும் கண்முன் வந்தது. சிவந்த முகம், கோபம் என்று நினைத்தாளே, அது வெட்கம். மகளையும் மாப்பிள்ளையையும் இத்தனை மாதம் வாசல்படி ஏறாமல் செய்தது அவர் வாய் இல்லை, தன் வாய். அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, அம்மா" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கிக்கொண்டே மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து மாப்பிள்ளையும் சிரித்தார்.

குக்கர் சிரிக்கவில்லை. காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"இந்தா" என்றார் மனைவியிடம், மெதுவாக. "இன்னிக்கு மட்டுந்தான் பொய்யா, முன்னாடியும் உண்டா?"

மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது? "முக்கால்வாசி பொய்தாங்க. நிஜமா வர்றது மாசத்துக்கு ரெண்டு நாள்தான்."

"அந்தத் தண்ணி அதிகாரி வந்தப்போ?"

"பொய்."

"வாசல்ல வண்டியை நிறுத்தினானே, அவனை நான் விட்டேனே?"

"அதுவும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு நாளாக யோசித்துப் பார்க்கிற மாதிரி விரலை மடக்கினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. தேர்வில் தேறவே மாட்டோம் என்று நினைத்திருந்த பிள்ளைக்குப் பாஸ் என்று சேதி வந்த மாதிரி ஒரு திகைப்பு.

"அப்போ அத்தனை நாளும் கோபத்தை அடக்கினது நானேதானா?"

இதை அவள் யோசித்ததே இல்லை. முந்தானையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நீங்களேதாங்க" என்றாள்.

அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "பார்த்தீங்களா?" என்றார். மாப்பிள்ளை, "பார்த்தேன் மாமா" என்று சொல்லிவிட்டு, கட்டிய ஷூவை அவிழ்த்து ஓரமாக வைத்தார்.

மத்தியானம் சாப்பிட்டார்கள். ராகு காலத்துக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். யாரும் அசையவில்லை, பேச்சு முடியவில்லை. ராகு காலம் வந்துவிட்டதால் பிறகு கிளம்பவும் முடியவில்லை. அது முடியும் வரை குக்கர் மாப்பிள்ளைக்குக் கீழே மெஷினைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வாசல் வரைக்கும் போய் அனுப்பிவிட்டு வந்தார்கள். மகள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

அவள் விளக்கை ஏற்றினாள். இனிமேல் சந்திரனை வைத்து விளையாட மாட்டேன் என்று சாமியிடம் சத்தியம் செய்தாள். சொன்ன பொய்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே கற்பூரமாக ஏற்ற நினைத்துப் பெட்டியைத் திறந்தால், கடைசிக் கட்டி ஒன்றுதான் கிடந்தது. அதையே ஏற்றி, எல்லாவற்றுக்கும் இதை வைத்துக்கொள் என்று கேட்டுக்கொண்டாள். நம்பிக்கை அவளுக்குக் குறையவில்லை. நாளைக் காலையிலும் குளித்துவிட்டுத்தான் தாளைக் கிழிப்பாள். மனசு மட்டும் துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி லேசாக இருந்தது.

கூடத்தில் குக்கர் கைப்பேசியில் இருந்தார். மாப்பிள்ளை இன்னும் வீடுகூடப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

"மாப்பிள்ளை, லாரிக்காரனை நம்பாதீங்க. கண்ணாடிச் சாமானை எல்லாம் துணி சுத்தி நீங்களே எடுத்துட்டுப் போங்க. என்னது, அட்டைப் பெட்டியிலயா? அட்டைப் பெட்டியில வெச்சா தூளாயிடும், உங்களுக்கு அறிவு..."

புஸ்.

அவள் பூஜை அலமாரியிலிருந்து பாய்ந்து கூடத்து வாசலுக்கு வந்துவிட்டாள். என்னங்க, இன்னிக்கு உங்களுக்கு, என்பது வரை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் அவளைப் பார்த்தார். கைப்பேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து, மூச்சை இழுத்து விட்டார். "...உங்களுக்கு அறிவு இருக்கு, பார்த்துச் செய்வீங்க" என்று முடித்தார்.

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். வந்த வார்த்தையை உள்ளே தள்ளுவது தொண்டையில் வலித்தது. இதைத்தான் அந்த மனிதர் இத்தனை நாளும், அவள் பேச்சை நம்பி, ஒரு தடவைகூட மீறாமல் செய்துகொண்டிருந்தார்.